ஈடு வைத்தவருக்கு இழப்பீடு

வீட்டுக்கடன் போன்ற தனிநபர் கடனை முழுவதும் கட்டி முடித்தவருக்கு அவருடைய சொத்துப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் தவறால் அது தள்ளிப்போனால், தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 வீதம் கடன் வாங்கியவருக்கு இழப்பீடு தர வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின் சாரம் இது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டிய பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று அதில் எழுதியிருந்தது. வங்கி, கூட்டுறவு வங்கி, வீட்டுக்கடன் நிறுவனம், வங்கியல்லாத நிதி நிறுவனம் என்று யாருக்கும் விலக்குக் கிடையாது.

இந்த விதிக்குள் ஒரு தமிழ்ச் சொல் இரண்டு இடங்களில் நிற்கிறது. வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும் பத்திரத்துக்குப் பெயர் ஈடு. அதைத் திருப்பித் தராமல் வைத்திருந்ததற்காக வங்கி எண்ணி வைக்க வேண்டிய பணத்தின் பெயரிலும் ஈடு இருக்கிறது: இழப்பீடு. கடன் வாங்கியவர் கொடுத்ததும் ஈடு, அவருக்குக் கொடுக்க வேண்டியதும் ஈடு. வெகுகாலம் இந்தச் சொல் கடன் கொடுத்தவர் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஈடு கேட்பது அவர் உரிமை, ஈடு வைப்பது வாங்குபவரின் கடமை. அது மேசையின் மறுபக்கம் வந்து சேர்ந்த வரலாறு நீளமானது. இன்னும் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை.

முதலில் பிறப்பு. ஈடு என்பது இடு என்னும் வினையின் பெயர். கெடு கேடாகிறது, சுடு சூடாகிறது, படு பாடாகிறது, பெறு பேறாகிறது. அதே போல இடு ஈடாகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம்தான். விடு என்பதிலிருந்து வீடு வந்ததும் இதே வழியில். ஆகவே ஈடு என்றால் முதலில் இடுதல், பிறகு இடப்பட்டது. இந்த முதற்பொருள் நம் அடுப்படியில் தேயாமல் கிடக்கிறது. இட்லித் தட்டுகளை அடுக்கி, மூடி, ஒரு தடவை வேகவைத்து எடுப்பதை ஒரு ஈடு என்கிறோம். "இன்னும் ரெண்டு ஈடு ஊத்தினா எல்லாருக்கும் போதும்" என்று சொல்லும்போது, ஒரு முறை இடுவது என்ற பொருள் அப்படியே இருக்கிறது. அகராதி புரட்டாமலே கிடைக்கும் சான்று இது.

இடப்பட்டது என்ற பொருளிலிருந்து சொல் கிளை விடுகிறது. ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை வைத்தால் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கத் தோன்றும். அங்கிருந்துதான் நிகர், ஒப்பு என்ற பொருள் வந்திருக்க வேண்டும். ஈடு இணை இல்லாதவர், ஈடு கொடுத்து ஓடினான், செலவை ஈடுகட்ட வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கிளை. திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்த முப்பத்தாறாயிரப்படிக்கு வைணவர்கள் ஈடு என்றே பெயரிட்டார்கள். அந்தப் பெயருக்குப் பல காரணம் சொல்வதுண்டு. மூலத்துக்கு நிகராக நிற்பது என்பது அவற்றில் ஒன்று. இன்னொரு கிளையில், வாங்கிய பணத்துக்கு எதிரே வைக்கப்பட்ட பொருள் ஈடு ஆயிற்று. நகை, நிலம், பாத்திரம், பத்திரம் என்று எதுவாகவும் இருக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒப்பு என்ற பொருளும் அடகு என்ற பொருளும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வருகின்றன.

தமிழ்நாட்டில் இந்த அடகுப் பொருள் பேச்சிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது. வங்கித் தமிழில் ஈட்டுக்கடன், ஈட்டுப் பத்திரம் என்று எழுத்தளவில் இருக்கிறது. வாயில் வருவது அடகும் அடமானமும்தான். யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லை. அங்கே நகையை ஈடு வைப்பார்கள், காணியை ஈடு வைப்பார்கள், பிறகு ஈட்டை மீட்பார்கள். இங்கே எழுத்தில் உறைந்துவிட்ட சொல் அங்கே வீட்டுப் பேச்சில் நடமாடுகிறது. 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் ஒற்றிக்கும் இடம் உண்டு. ஒற்றி நிலத்தின் விளைச்சலை, வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார். நம் ஊரில் ஒத்திக்கு வீடு பிடிப்பவர்கள் அந்தச் சொல்லின் தொடர்ச்சியில்தான் வாழ்கிறார்கள்.

பக்கத்தில் நிற்கும் பிணை என்ற சொல்லையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதையும் ஈட்டையும் இப்போது ஒன்றாகவே எழுதுகிறார்கள். பிணை என்பது கட்டுதல். பிணை நிற்பவர் ஓர் ஆள்; கடன் வாங்கியவர் தவறினால் அவர் மாட்டிக்கொள்வார். ஈடு என்பது வைத்தல். அங்கே ஆளுக்குப் பதில் பொருள் பேசும். பொருள் கைமாறி இன்னொருவர் பெட்டிக்குள் போய்விடுவதால், ஈடு வைத்தவருக்கு ஒரு தனிக் கவலை உண்டு. நான் கட்டி முடித்தால் என் பொருள் எனக்கு அப்படியே வருமா? பிணை வாங்கிய கடனில் இந்தக் கேள்வி எழாது. கடன் சட்டத்தில் இழப்பீடு என்ற பேச்சு ஈட்டைச் சுற்றியே முதலில் திரண்டதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஆவணங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் கிடைப்பது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துப் பதில். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்துக் கடன் கணக்குகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச் சபைகள் காசு வாங்கின. காசு ஒன்றுக்கு ஆட்டைவட்டம் அரைக்கால் காசு கட்ட வேண்டும். ஆட்டைவட்டம் என்றால் ஆண்டுதோறும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. அந்நாளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். பொலிதல், பெருகுதல். நாம் அதைக் கைவிட்டோம். மலையாளிகள் பலிச என்று இன்றும் வங்கியில் சொல்கிறார்கள். நாம் இப்போது சொல்லும் வட்டியை வடமொழி விருத்தியின் பிராகிருத வடிவமான வட்டி என்பதிலிருந்து வந்ததாகப் பேரகராதி காட்டுகிறது. பொலிசையும் விருத்தியும் பொருளால் ஒன்றே.

இந்தக் கொடைக் கல்வெட்டுகளில் முட்டிரட்டி என்றொரு சொல் வரும். முட்டு என்றால் செலுத்த வேண்டியதில் விழும் குறை. முட்டினால் முட்டிய அளவுக்கு இரட்டிப்பாகச் செலுத்த வேண்டும் என்பது விதி. மூன்றே அசையில் ஒரு சட்டப் பிரிவு. எவ்வளவு இறுக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று வியக்கலாம். ஆனால் இரட்டிப்பு யார் தலையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். பொருளைப் பெற்றுக்கொண்டு கடமைப்பட்டவர் தலையில். கோயில் விளக்கு அணையக் கூடாது, அமுதுபடி நிற்கக் கூடாது என்ற கவலையில் எழுந்த விதி அது; அந்தக் கவலை நியாயமானதுதான். என்றாலும் கடன் உறவில் தவறு என்றாலே வாங்கியவரின் தவறு என்ற பழக்கம் நம் மொழியில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு முட்டிரட்டி ஒரு தடயம்.

அந்தப் பழக்கத்தை நகைக்கடன் பேச்சில் இன்றும் கேட்கலாம். கட்டி எடுப்பதை நகையைத் திருப்புவது என்கிறோம். முடியாதவர்கள் வட்டியை மட்டும் கட்டி மாத்தி வைப்பார்கள். அதுவும் முடியாதபோது, "நகை மூழ்கிப்போச்சு" என்பார்கள். இந்த மூழ்குதல் என்னை நெடுநாள் உறுத்திய சொல். ஆற்றில் விழுந்த குடம் போலத் தானாக மூழ்கிவிட்டது, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று காட்டிவிடுகிறது அது. சட்டத்தில் நகை தானாக மூழ்குவதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 176ஆவது பிரிவில், அடகு பிடித்தவர் பொருளை விற்க வேண்டுமென்றால் அடகு வைத்தவருக்குத் தக்க முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. விற்றுக் கடன்போக மீதி இருந்தால் அது வைத்தவருடையது. 177ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது: தவணை தாண்டிவிட்டாலும், உண்மையில் விற்பனை நடக்கும் வரை பணத்தைக் கட்டிப் பொருளை மீட்கலாம். ஆக மூழ்கியது என்று நாம் சொல்வதற்குப் பின்னால், ஒருவர் அறிவிப்பு அனுப்பினாரா, எந்த விலைக்கு விற்றார், மீதியை என்ன செய்தார் என்ற மூன்று கேள்விகள் நிற்கின்றன. சொல் அந்த மூன்றையும் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் விற்ற நகைக்கு ஈடு கேட்கலாம் என்ற எண்ணமே வராமல் போவதில் இந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு.

கடுமையாக வசூலிப்பவனை ஈட்டிக்காரன் என்பது பழைய வழக்கு. ஒலி ஒற்றுமையால் அதையும் ஈட்டோடு சேர்த்துவிடத் தோன்றும். அது ஆயுதத்தின் பெயரால் வந்தது. அதை விட்டுவிடலாம்.

இழந்ததற்குப் பதிலாகத் தருவது என்ற பொருளில் ஈடு பொதுமக்கள் வாய்க்கு வந்தது நஷ்ட ஈடு என்ற கூட்டுச் சொல்லாக. முன்பாதி வடமொழி, பின்பாதி தமிழ். மலையாளத்திலும் தெலுங்கிலும் நஷ்டத்தோடு பரிகாரத்தைச் சேர்த்தார்கள். தமிழ் மட்டும் தன் பழைய ஈட்டை எடுத்து ஒட்டிக்கொண்டது. நல்ல ஒட்டு. தமிழ்நாட்டில் பலரும் இந்தச் சொல்லை முதலில் கேட்டது பேருந்து விபத்துச் செய்தியில்தான் இருக்கும். விபத்தில் அடிபட்டவருக்கு நீதிமன்றம் உத்தரவிட்ட நஷ்ட ஈட்டைத் தராததால் அரசுப் பேருந்து ஜப்தி என்று செய்தி வரும். பேருந்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, நீதிமன்ற ஊழியர் நோட்டீஸ் ஒட்டி வண்டியை ஓட்டிப் போகும் படமும் கூடவே வரும். ஓர் அரசு நிறுவனத்தின் சொத்தையே சாதாரண மனிதர் ஒருவர் நீதிமன்றம் வழியாக நிறுத்தி வைக்கலாம் என்பதை அந்தச் செய்திகள் ஊருக்குக் கற்றுக் கொடுத்தன. நஷ்ட ஈடு என்ற சொல்லுக்கு இரக்கத்தின் வாடை ஒட்டாமல், வாங்கியே தீர வேண்டியது என்ற உறுதி ஒட்டிக்கொண்டதில் அந்த ஜப்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்னால் நஷ்டம் நட்டமாகி, நட்ட ஈடாகி, ஆட்சித் தமிழ் வளர்ந்தபோது இழப்பீடாக நிலைபெற்றது. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அலுவலகத் தமிழில் -ஈடு என்று முடியும் சொற்கள் ஏராளமாகப் புழக்கத்துக்கு வந்துவிட்டன: முதலீடு, மதிப்பீடு, ஒதுக்கீடு, குறியீடு, வெளியீடு, முறையீடு, காப்பீடு. எல்லாம் ஒரே வார்ப்பு போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் இரண்டு வார்ப்பு. முதலிடு என்ற வினை இருக்கிறது, அதன் பெயர் முதலீடு. மதிப்பிடு மதிப்பீடாகிறது, முறையிடு முறையீடாகிறது. இவற்றில் ஈடு என்பது இடுதல் என்ற வெறும் தொழிற்பெயர். இழப்பிடு என்று ஒரு வினை தமிழில் கிடையாது. இழப்பீடு என்பது இழப்பு, ஈடு என்ற இரண்டு பெயர்கள் சேர்ந்தது. இழப்புக்கு நிகராக எதிரே வைக்கப்படுவது. இங்கே ஈடு தன் முழு எடையோடு நிற்கிறது. மொழியாக்கத்துக்காக அவசரத்தில் செய்த சொல் என்று இதை யாரும் ஒதுக்க முடியாது. பழைய கடன் மொழியின் உயிர்ச்சொல் ஒன்று இதற்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் காம்பென்சேஷன் என்பதன் லத்தீன் வேர் இரண்டு பொருளைச் சேர்த்து எடை போடுவதைக் குறிப்பது. தராசைப் பார்த்து அவர்கள் பெயர் வைத்தார்கள், நாம் எதிரே இடும் கையைப் பார்த்து வைத்தோம்.

இவ்வளவு நல்ல சொல் இருந்தும், கடன் விவகாரத்தில் அது அடிக்கடி வேறு சொற்களிடம் இடத்தை இழக்கிறது. அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சொல் மாறினால் பணம் போகும் திசையே மாறிவிடும்.

முதலாவது அபராதம். வடமொழியில் அபராதம் என்றால் குற்றம். தமிழுக்கு வந்ததும் குற்றத்தைக் குறிப்பதை விட்டு, குற்றத்துக்காகக் கட்டும் பணத்தைக் குறிக்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு ரூ.5,000 என்ற விதியை வங்கிக்கு அபராதம் என்று எழுதினால் படிப்பவர் மனதில் என்ன பதியும்? ரிசர்வ் வங்கி தண்டிக்கிறது, பணம் ரிசர்வ் வங்கிக்கோ அரசுக்கோ போகிறது, நமக்கு இதில் ஒன்றுமில்லை. அபராதம் தண்டிப்பவருக்குப் போகும். இழப்பீடு இழந்தவருக்குப் போகும். ஒரே தொகை, ஒரே விதி. ஆனால் அபராதம் என்று படித்தவர் தன் பணத்தைக் கேட்க வங்கிக்குப் போக மாட்டார். ரிசர்வ் வங்கி தவறு செய்த வங்கிகளுக்கு உண்மையாகவே அபராதம் விதிப்பதும் உண்டு. அதில் ஒரு காசும் கடனாளிக்கு வராது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

வங்கிகளின் கடிதங்களில் அபராதம் இன்னொரு திசையிலும் வரும். தவணை தவறினால் கடன் வாங்கியவர்மேல் விழும் அபராத வட்டி. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி அதை வட்டியாக வாங்கக் கூடாது, கட்டணமாக மட்டுமே வாங்கலாம், அதன்மேல் மேலும் வட்டி ஏற்றக் கூடாது என்றது. வங்கியின் வருமானத்தைப் பெருக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் நோக்கம்.

இரண்டாவது நிவாரணம். 1938இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இந்தச் சொல்லுக்குப் பெரிய கௌரவத்தைத் தந்தது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட பழைய கடன்களில், விவசாயி அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்தக் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. எத்தனையோ குடும்பங்களின் நிலத்தைக் காத்த சட்டம். ஆனால் அது சுமையை இறக்கி வைத்தது, அவ்வளவே. கொடுத்தவர் தவறு செய்தாரா என்று அது கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் அரசு தருவது நிவாரணம். தப்பு யாருடையது என்ற கேள்வி இல்லாத இடத்தில் அது சரியான சொல். வங்கி என் பத்திரத்தைத் தொலைத்ததற்கு எனக்கு வருவதை நிவாரணம் என்று சொன்னால், வங்கி ஏதோ இயற்கைச் சீற்றம் என்று ஆகிவிடும்.

மூன்றாவது சலுகை. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தவறாகப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பவர் அதைச் சலுகை என்று எழுதினால், வாடிக்கையாளர் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பதில் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று ஊர்ச் சொற்களை நேராகவே எடுத்துக்கொண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் 2003இல் இறந்த பிறகு, அதே ஆண்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று கடைத்தெருவில் வழங்கிய பெயர்களே அதில் ஏறின. கன்னடத்தில் தவணையைக் கந்து என்பார்கள். நம் கந்துவட்டியும் அந்தத் தவணையிலிருந்து வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தண்டல் சோழர் காலத்தில் வரி வசூல். தண்டுதல் என்றால் வசூலித்தல். அரசன் வரிக்குரிய சொல் தள்ளுவண்டிக்காரரிடம் மாலையில் வாங்கும் பணத்துக்கு இறங்கி வந்துவிட்டது. இந்தச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. கடனாளி நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டு மனுச் செய்யலாம். கடனாளியோ அவர் குடும்பத்தாரோ தற்கொலை செய்துகொண்டு, அதற்குச் சற்று முன்னால் துன்புறுத்தப்பட்டார் என்று தெரிந்தால், கடன் கொடுத்தவர் தூண்டியதாகவே கருதப்படும். கடுமையான சட்டம்தான். இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை என்று மனுக் கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம் தீக்குளித்தது. இரண்டு சிறு குழந்தைகளும் அதில் இறந்தார்கள். அந்தச் சட்டத்தின் மையச் சொல் தண்டனை. கட்டிய அதிக வட்டிக்கும் பட்ட வதைக்கும் ஈடு என்ன என்பது அதில் முன்வரிசைக் கேள்வியாக இல்லை. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது என்பது என் கருத்து.

வங்கிகளின் உலகில் அந்தச் சொல் மெல்ல நுழைந்திருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈடு வைத்த சொத்தை வங்கி கைப்பற்றலாம் என்று அதிகாரம் கொடுத்தது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். அதன் பெயரைக் கேட்டாலே கடன் வாங்கியவர்களுக்குக் கலக்கம். அதே சட்டத்தின் 19ஆவது பிரிவை அதிகம் பேர் பேசுவதில்லை. கைப்பற்றியது சட்டப்படி நடக்கவில்லை என்று கடன் மீட்புத் தீர்ப்பாயம் கண்டால், சொத்தைத் திருப்பித் தர உத்தரவிடலாம். அப்போது கடன் வாங்கியவருக்கு இழப்பீடும் செலவுத் தொகையும் உண்டு. பறிக்கும் அதிகாரம் தந்த சட்டத்துக்குள்ளேயே பறித்தவர் ஈடு வைக்க வேண்டிய இடமும் இருக்கிறது.

இழப்பு என்றால் என்ன என்பதிலும் பொருள் விரிந்தது. லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் சட்டத்தில் வரும் இழப்பீடு என்னும் சொல் மிக விரிந்த பொருளுடையது என்றது. கைவிட்டுப் போன பணம் மட்டும் கணக்கல்ல. அலைக்கழிப்பும் மன உளைச்சலும் அவமதிப்பும் அதற்குள் வரும். ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 2021 நவம்பரில் தொடங்கியபோது, இழப்புக்கு ரூ.20 லட்சம் வரையும், நேரம், அலைச்சல், மன வேதனை ஆகியவற்றுக்குத் தனியே ரூ.1 லட்சம் வரையும் தர உத்தரவிடக் குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் கொடுத்தது. வங்கியிடம் முறையிட்டு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ அங்கே போகலாம். கட்டணம் இல்லை.

இனி அந்த ரூ.5,000. கணக்கு எளிது. ஒருவர் மார்ச் 1 அன்று வீட்டுக்கடனின் கடைசி ரூபாயைக் கட்டுகிறார். மார்ச் 31 வரை வங்கிக்கு நேரம் இருக்கிறது. மூலப்பத்திரமும் தாய்ப்பத்திரமும் ஏப்ரல் 20 அன்றுதான் கைக்கு வருகின்றன. தாமதம் 20 நாள், இழப்பீடு ரூ.1,00,000. பத்திரம் மட்டும் வந்தால் போதாது. பத்திரத்தை ஒப்படைத்தபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பதிவையும் வங்கி அதே 30 நாளுக்குள் நீக்கித் தர வேண்டும். அது நீங்காதவரை வில்லங்கச் சான்று எடுத்தால் வங்கியின் பெயர் வந்துகொண்டே இருக்கும், வீட்டை வாங்க வந்தவர் யோசிப்பார். பத்திரம் தொலைந்தோ சிதைந்தோ போயிருந்தால், சான்றிட்ட நகல் எடுக்க வங்கி உதவி செய்து செலவையும் ஏற்க வேண்டும். அதற்கு இன்னும் 30 நாள் கூடுதலாகக் கிடைக்கும். இழப்பீடு அதற்கு மேலேயும் உண்டு. தாமதத்துக்குக் காரணத்தை வங்கி தெரிவிக்க வேண்டும். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்குத் திருப்பித் தரும் முறையை முன்கூட்டியே வகுத்துத் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். இந்த இழப்பீட்டை வாங்கிவிட்டதால் வேறு சட்டத்தின்படி கேட்கும் உரிமை போய்விடாது என்றும் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

பொருளாக இல்லாத ஈடு ஒன்றும் இப்போது நம்மிடமிருந்து வாங்கப்படுகிறது: கடன் தகவல் நிறுவனத்தில் இருக்கும் நம் பெயர். கட்டி முடித்த கடனைப் பாக்கி என்று காட்டினால் அடுத்த கடன் கிடைக்காது. புகார் கொடுத்து 30 நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு என்று 2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி விதித்தது. பத்திரத்துக்கு ரூ.5,000, பெயருக்கு ரூ.100. தவறான பதிவால் ஒரு பிள்ளையின் கல்விக் கடன் தள்ளிப்போகும் வீட்டில் இந்த ரூ.100 எதற்கு ஈடாகும்? நிகராக நிற்காததை ஈடு என்று சொல்லத் தமிழ் இடம் தராது. இந்தத் தொகை உயர வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளை இன்னும் நெருக்கமாகத் தொடுவது நகை. பொன், வெள்ளி ஈட்டின்மேல் தரும் கடன்களுக்காக 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாள் குறித்தது. பணம் கட்டிய அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள், நகை திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.5,000. ஏலம் விட்டால் குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு ஏலம் தோற்றால் மட்டும் 85 வரை இறங்கலாம். கடன்போக மீதி வந்தால் ஏலப் பணம் முழுதும் வந்து சேர்ந்த 7 வேலை நாளுக்குள் வைத்தவருக்குச் சேர வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகச் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் எண்ணிட்டுப் பதில் கிடைத்துவிட்டது. மூழ்குதல் என்ற சொல்லை இனியாவது நாம் விட்டுவிடலாம். தெருமுனை அடகுக்கடைக்கு இந்த விதி செல்லாது. அது மாநில அரசின் 1943ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அவசரத்துக்கு முதலில் ஓடுவது அங்கேதான் என்பதால், அந்தச் சட்டத்துக்கும் நாளுக்கு இவ்வளவு என்ற வரி வேண்டும்.

அந்த 2025 விதிகளில் மொழியைப் பற்றி ஒரு வரி உண்டு. கடன் வாங்குபவருடனான எழுத்துப் போக்குவரத்து அந்தப் பகுதியின் மொழியிலோ அவர் தேர்ந்தெடுக்கும் மொழியிலோ இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்து விளக்க வேண்டும். எனவே நகைக்கடன் தரும் எல்லா நிறுவனமும் தமிழில் எழுதியாக வேண்டிய காலம் இது. எழுதப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அபராதம், நிவாரணம், சலுகை மூன்றும் வேண்டாம். "7 வேலை நாளுக்குள் உங்கள் நகையைத் திருப்பித் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 இழப்பீடு உங்களுக்குத் தரப்படும்" என்று எழுதுங்கள். உங்களுக்கு என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அந்த வரியை நிபந்தனைகளின் பொடி எழுத்தில் புதைக்காமல், நகைக்கடன் ரசீதில் எடையும் தொகையும் எழுதும் கட்டத்துக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.